பாலறுகு வைக்காத கை

பொன்னுருக்கிப் பந்தலில் கன்னிக்கால் நட்ட வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, இல்லை. எங்கள் பகுதியில் இதுதான் முறை. தாலிக்கான பொன் உருகிவிட்டால், அதன்பிறகு நெருங்கிய உறவில் சாவு விழுந்தாலும் கலியாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. சடங்குகளை முடித்துவிட்டு ஆறுதலாக அழுதுகொள்ளலாம். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கழித்து ஓய்வு பெற்றவள் என்ற வகையில் எனக்கு இந்த விதியில் ஒரு மரியாதை உண்டு. சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு முன்யோசனை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லா விதிகளையும் போல இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கலியாணம் நிற்காது என்று சொல்கிறதே தவிர, அந்தக் கலியாண வீட்டில் நிற்கிற ஒருத்தியின் கை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதில்லை. அதைத் தாங்களாகவே தெரிந்துகொள்ளும்படி பெண்களிடம் விட்டிருக்கிறார்கள்.

போன கிழமை மருதனார்மடத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணுக்குப் பாலறுகு வைக்கிற நேரம், படம் பிடிக்க வந்த பையன் பெண்ணின் தாயைப் பார்த்து, "அன்ரி, இன்னொருக்கா வையுங்கோ, லைற் சரியில்லை" என்றான். தாயும் சிரித்தபடி இன்னொருமுறை வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தாய்க்கு அது இரண்டு தரம் வாய்க்கிறது. எங்கள் சின்னம்மாவுக்கு ஒருதரமும் வாய்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலியாணத்தன்று காலை, பெண்ணை முழுக வார்க்கும் முன் பலகையில் கிழக்கு முகமாக இருத்துவார்கள். பாலில் தோய்த்த அறுகம்புல்லை உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து அவள் உச்சியில் வைப்பார்கள். முதல் உரிமை தாய் தகப்பனுக்கு. பெண்களில் வாழுகிறவர்கள்தான் வைக்கலாம். வாழுகிறவள் என்றால் புருஷன் உயிரோடு இருக்கிறவள். மற்றவர்கள் மூச்சுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. தொண்டைமானாற்றில் கடலேரிக் கரையோடு அவர்களுடைய வீடு. சித்தப்பா தோணியில் தண்டயல். தோணியை நடத்துகிற தலைவர். அக்கரைக்கு, இந்தியக் கரைக்கு, சாமான் ஏற்றிப் போவார், அங்கிருந்து சாமான் ஏற்றி வருவார். என்ன சாமான் என்று கேட்பது எங்கள் ஊர்களில் நாகரிகமில்லை. மூத்த மகளுக்கு, எனக்கு அக்கா முறையானவளுக்கு, பருத்தித்துறையில் மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்துவிட்டு, ஒரு வாடைக்காலத்தில் போனார். திரும்பி வரவில்லை. தோணியும் வரவில்லை, அதில் போன ஒருவரும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் இல்லை என்று சொல்ல ஆளில்லை. இருக்கிறார் என்று சொன்னது சின்னம்மா மட்டும்தான். அவள் பொட்டை அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்த் தாலிக்கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவாள். ஊர் முதுகுக்குப் பின்னால் கதைத்தது.

மாப்பிள்ளைக்குக் கொழும்பில் உத்தியோகம். அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். நாளும் வைத்தாயிற்று. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவும் நானும் உதவிக்கென்று முன்கூட்டியே சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்கு வேலை, பெரியவர்கள் கதைக்கும்போது பக்கத்தில் நின்று, போ என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பது.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. ஆசாரியார் பொன்னை உருக்கி எடுத்ததும், அதைத் தட்டத்தில் வைத்து மஞ்சளும் பூவுமாகச் சபையில் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டத்தைக் கொண்டுவந்தவ மாப்பிள்ளையின் தாய். சின்னம்மாவுக்கு முன்னால் வந்ததும் தட்டம் கொஞ்சம் உயர்ந்து, அவளைத் தாண்டி, அடுத்ததாக இருந்த என் அம்மாவிடம் இறங்கியது.

"தட்டம் ஓராளைத் தாண்டிப் போகுது" என்றாள் சின்னம்மா. மெதுவாகச் சொல்லவில்லை.

"அட, கவனிக்கேல்லை" என்றா மாப்பிள்ளையின் தாய். தட்டம் திரும்பி வரவில்லை.

"கவனிச்சுத்தான் தாண்டினனியள். என்ரை மனுசன் தோணியிலை போனவர். போனவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் வந்து சொன்னது?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? ஊர் நாலு விதமாக் கதைக்கும். என்ரை பிள்ளை நல்லா இருக்கவேணும் எண்டு நான் நினைக்கக் கூடாதோ? நீங்களும் ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தனீங்கள்தானே? பாலறுகு, ஆராத்தி எல்லாத்துக்கும் உங்கடை தமையன்ரை பெண்சாதி நிக்கிறா. நீங்கள் ஒரு பக்கமா இருந்து பாருங்கோவன்."

 ஆசாரியார் ஊதுகுழலை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். சின்னம்மா எழுந்து போய்த் தட்டத்தில் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு வந்து இருந்தாள்.  

விஷயம் பெரிய மாமாவிடம் போனது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த தமையன் அவர். தகப்பன் இல்லாத இடத்தில் அவரும் மாமியும்தான் மணவறையில் நின்று பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க இருந்தார்கள். எந்தச் சடங்குக்கு எந்தப் பக்கம் நிற்பது, தேங்காய்க் குடுமி எந்தத் திசை பார்ப்பது என்பதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். அவருடைய இந்தக் குணம் எனக்கு வந்திருப்பதாக அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள், பாராட்டாக இல்லை. மாமா தன் சொந்தத் தீர்ப்பில் காரியத்தை விடாமல் ஐயரையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

ஐயர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "செய்தி வராத மட்டும் அவ சுமங்கலிதான். அதிலை சந்தேகமில்லை. செய்தி காதிலை விழுந்த நேரந்தொட்டுத்தான் மற்றதெல்லாம்."

"அப்பிடி ஏதும் இடையிலை வந்தால்?" என்று மாமா கேட்டார். எல்லா வழிகளையும் அடைத்துவிட்டுத்தான் அவருக்கு நித்திரை வரும்.

"கலியாணம் நடக்கும். பொன்னுருக்கியாச்சு. அவ மட்டும் ஒதுங்கி நிக்கவேணும்."

மாமாவுக்குப் பெரிய சந்தோசம். "கேட்டியேடி? சாஸ்திரம் உன்ரை பக்கம்."

"எனக்குச் சாஸ்திரம் தேவையில்லை அண்ணை" என்றாள் சின்னம்மா. "என்ரை பிள்ளையின்ரை தலையிலை முதல் விழுகிற கை என்ரை கையா இருக்கவேணும். அவர் நிண்டிருந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து வைச்சிருப்பம். அவருக்கும் சேர்த்து நான் வைக்கிறன். இதை மட்டும் அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ."

மாமா சொல்லி அனுப்பினார். 'நாங்கள் ஆர் தடுக்க?' என்று பருத்தித்துறையிலிருந்து பதில் வந்தது. பதிலின் தொனியையும் மாமா நடித்துக் காட்டினார். சின்னம்மா வென்றுவிட்டாள். அன்று பின்னேரம் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு பித்தளைச் செம்புகளைப் புளி போட்டு மினுக்கியதாக ஞாபகம்.

கலியாணத்துக்கு முதல் நாள், வெயில் சாயும் நேரம், பாலறுகுக்குப் புல் பிடுங்கவென்று சின்னம்மா கடலேரிக் கரைக்குப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள். அந்த வேலையை அவள் வேறு ஒருவரிடமும் விடவில்லை. நுனி முறியாத புல்லாகப் பார்த்துப் பிடுங்கி, என் பாவாடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மணலில் ஒரு மனிதர் நடந்து வந்தார். தாடி. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். எங்கள் ஊர் ஆளில்லை. தூரத்திலேயே நின்று, "தண்டயலின்ரை வீடு உதோ?" என்று கேட்டார்.

சின்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஓடிப்போய் இவருக்குச் செம்பிலை தண்ணி கொண்டுவா" என்றாள்.

நான் போய், கிணற்றடியில் செம்பைத் தேடி, தண்ணீர் அள்ளிச் சிந்தாமல் கொண்டுவர நேரமாகிவிட்டது. வரும்போது சின்னம்மா மணலில் இருந்தாள். அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழை மரங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை. தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைத் தந்தார்.

"நாலாம் சடங்கு முடியட்டும் தம்பி. அதுக்குப் பிறகு வாங்கோ" என்றாள் சின்னம்மா.

அவர் தலையை ஆட்டிவிட்டு, சந்நிதிப் பக்கமாக நடந்தார்.

கலியாண வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. நாலாம் சடங்கு வரைக்கும் மரக்கறிதான். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று பெண் வீட்டுக்கு வந்து சடங்கு முடித்த பிறகுதான் மீனும் இறைச்சியும் சமைப்பார்கள். இதெல்லாம் எனக்கு அந்த வயதிலேயே தெரியும். ஆகவே, "மீன்காரரோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

பிடுங்கிய புல்லில் அவள் பிறகு கை வைக்கவில்லை. நீயே கொண்டுபோய்ப் பெரியம்மாக்களிடம் கொடு என்று சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். உடுத்த சேலையோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாள். பந்தலுக்குள் தோரணம் கட்டிக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? நாளைக்கு முழுகிறது உன்ரை மகளடி, நீயில்லை."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள். "வேர்வை அக்கா. புல்லும் கடிக்குது" என்றாள்.

உடுப்பு மாற்றி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்தாள். அழித்தாள். பிறகும் வைத்தாள். வட்டம் சரியாக வரவில்லை என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை குசினியில் வடை சுடுகிறவர்கள் வந்து இருந்தும் சின்னம்மா அடுப்படியை விட்டு எழும்பவில்லை. பாலறுகுக்கு நேரமாகிறது, வா என்று மாமி இரண்டு தரம் வந்து கூப்பிட்டா. "இந்த ஈடு இறங்கட்டும்" என்றாள். நான் வடைக்காக அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஆகவே நான் பார்த்தது இது: வடைகளை வடித்துப் போட்டாள். பிடிதுணியை நாலாக மடித்து மடியில் வைத்தாள். பிறகு அடுப்பிலிருந்த இரும்புத் தாச்சியின் காதை வெறும் வலக்கையால் பிடித்தாள். பிடித்ததை உடனே விடவில்லை. சத்தமும் போடவில்லை. வாசனை வந்த பிறகுதான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

"ஐயோ, தாச்சியை வெறுங்கையாலை பிடிச்சிட்டாள்!"

நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, துணி மடியிலைதான் கிடந்தது. அவ வேணுமெண்டு..."

"வாயை மூடு. கலியாணப் பதகளிப்பிலை ஆருக்கும் நடக்கும்" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

உள்ளங்கை முழுவதும் கொப்புளம். எண்ணெய் பூசி, வாழைக்குருத்து வைத்து, வெள்ளைத் துணியால் விரல் தெரியாமல் சுற்றிவிட்டார்கள். வெளியே நாதசுரக்காரர் தொடங்கிவிட்டார். அக்கா பலகையில் இருந்தாள். பால் கிண்ணமும் அறுகும் முன்னால் இருந்தன. சின்னம்மா தூணோடு நின்று, "மாமி முதல் வைக்கட்டும்" என்றாள்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயர் வரைக்கும் போய் வெண்டு குடுத்தன். கடைசியிலை வடைச்சட்டியிட்டைத் தோத்துப்போய் வந்து நிக்கிறாள்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இடக்கையாலை எண்டாலும் வைச்சுவிடுங்கோ."

"இடக்கை ஆகாது பிள்ளை."

"ஆகாட்டிப் பரவாயில்லை. சும்மா தொட்டுவிடுங்கோ."

"ஆகாது."

"விரல் நுனியாலை அம்மா. உந்தத் துணியோடையே வையுங்கோவன். ஆர் பாக்கினம்?"

"நேரம் போகுது. மச்சாள், நீங்கள் வையுங்கோ" என்று சின்னம்மா மாமியிடம் சொன்னாள். அக்கா குனிந்துகொண்டாள். பால் நெற்றியில் வழிந்ததால் அவள் அழுதது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் குள்ளம், எனக்குத் தெரிந்தது.

தாலி கட்டியாயிற்று. அம்மி மிதித்தார்கள், அருந்ததி பார்த்தார்கள். பெரியவர்கள் வரிசையாகப் போய் அறுகரிசி போட்டு ஆசீர்வதித்தபோது சின்னம்மா குசினிக்குள் ஏதோ தேடப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் தாய் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து ஆட்களுக்குக் கேட்கும்படி, "நாங்கள் தடுக்கேல்லை. தடுக்கிறவர் தடுத்திருக்கிறார்" என்று சொல்லி மேலே பார்த்தா. சின்னம்மாவுக்கும் அது கேட்டது. கட்டுப்போட்ட கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பொன்னுருக்கில் அவ்வளவு வாய் காட்டியவள் இப்படி நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது அக்கா காலில் விழ வந்தாள். சின்னம்மா இரண்டடி பின்னால் போனாள். "கை நோகுது பிள்ளை. போயிட்டு வா" என்றாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள்.

அன்று நடந்ததை நான் விளங்கிக்கொண்டது நரைவிழத் தொடங்கிய பிறகுதான். போர் முடிந்த காலம். காணாமற்போனவர்களின் மனைவிமார் கச்சேரியில் என் கந்தோருக்கு வருவார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் என்னென்ன உதவி கிடைக்கும், எங்கே கையொப்பம் இட வேண்டும் என்று நான் ஒழுங்காக விளங்கப்படுத்துவேன். ஒருத்தி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். பேனையை நீட்டியபோது வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பேனையை நீட்டியபடியே இருந்தேன். எனக்கு முன்னால் அந்தக் கந்தோர் இருக்கவில்லை, தொண்டைமானாற்றுக் குசினி இருந்தது.

அக்கா இப்போது கனடாவில். பேரப்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிற வயது. தொலைபேசியில் இன்றைக்கும் ஏதாவது ஒரு கதையில் தொடங்கி, "என்ரை அம்மா எனக்குப் பாலறுகு வைக்கேல்லையடி. அவவுக்கு என்னைவிட வடை பெரிசாப் போச்சு" என்று முடிப்பாள். பாதி பகிடி, பாதி இல்லை. சின்னம்மா போய்ச் சேர்ந்து நெடுங்காலம். அவள் தன் வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் முறை தெரிந்த எனக்கு இதற்கு மட்டும் ஒரு முறையும் தெரியவில்லை.

நாலாம் சடங்கன்று வீட்டில் மீன் பொரிக்கும் வாசம். அக்காவும் அத்தானும் வந்து, சடங்கு முடிந்து, தலைவாழை இலையில் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். வாசற் படலையில் அந்த மனிதர் நின்றார். நான் குசினிக்குள் ஓடினேன்.

"சின்னம்மா, மீன்காரர் வந்து நிக்கிறார்!"

அவள் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். "அக்கா சாப்பிட்டு முடிஞ்சாளோ?"

"இல்லை. பாயசம் குடிக்கிறா."

"குடிச்சு முடியட்டும். பிறகு மாமாவைப் படலையடிக்குக் கூப்பிடு."

அவள் சொன்னபடியே செய்தேன். அந்த மனிதர் சித்தப்பாவோடு அதே தோணியில் போனவர். காற்றில் தோணி கவிழ்ந்ததையும், பலகையைப் பிடித்துக்கொண்டு தான் மட்டும் அக்கரையில் ஒதுங்கியதையும், தண்டயல் கண்ணுக்கு முன்னால் தண்ணீருக்குள் தாண்டுபோனதையும், தன்னை அங்கே பிடித்து மறியலில் அடைத்து இப்போதுதான் விட்டதையும் மாமாவிடம் சொன்னார். கடலேரிக் கரையில் சின்னம்மாவுக்குச் சொன்னதும் இதைத்தான், ஆனால் முன்பே வந்து அவளைக் கண்டதை அவர் மாமாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, கலியாண வீட்டுக்குப் பக்கத்திலேயே, சந்நிதி மடத்தில் அன்னதானம் சாப்பிட்டுக்கொண்டு, அவள் கேட்டபடி வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

வீடு அலறியது. வாழை இலைகளை வாரினார்கள். அம்மா சின்னம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். மாமா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு எத்தனை நாள் துடக்கு, அத்தானுக்கு உண்டா இல்லையா என்று யாருக்கோ விளங்கப்படுத்தத் தொடங்கியிருந்தார். சின்னம்மா அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் ஒரு குரல் சொன்னது.

அக்கா பட்டுச் சேலை கால் தடுக்க ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். "அப்பா அம்மா, அப்பா" என்று மட்டும் சொல்லத் தெரிந்தது அவளுக்கு. சின்னம்மா துணி சுற்றிய அந்த வலக்கையைத் தூக்கி அவள் உச்சியில் வைத்தாள். வைத்துத் தடவினாள். உச்சியிலிருந்து பின்னல் வரைக்கும், திரும்பவும் உச்சியிலிருந்து. பூ உதிர்ந்தது. யாரோ அக்காவை எழுப்ப வந்தார்கள். சின்னம்மா கையை எடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் ஈரம் ஊறி மஞ்சளாகத் தெரிந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். சின்னம்மாவுக்குக் கை ஆறிவிட்டது என்று நினைத்தேன். இது கொஞ்சம் முந்தி ஆறியிருக்கக் கூடாதா என்று அந்தக் கையோடு எனக்குக் கோபமும் வந்தது.